கல்லடி மாடிக்கூடத்தின் கார்ட் வகுப்பு: 12 கிழமைகளுக்குப் பின்னர்

மட்டக்களப்பில் கராத்தே வகுப்புக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சிலம்பமும் சீனடியும் கைவந்த பெரியவர்கள் இன்னமும் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் நிலத்தில் கிடந்தபடியே எதிராளியைக் கட்டுப்படுத்தி வெல்லும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை முறையாகச் சொல்லித்தரும் ஓர் இடம் எனக்குக் கிடைத்தது இந்த வருடம்தான். கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கையொன்றில், கீழே நெல் மூடைகள் அடுக்கிய களஞ்சியமும் மேலே தகரக் கூரையிட்ட நீண்ட கூடமுமாக ஒரு கட்டடம் இருக்கிறது. பெயர்ப்பலகை எதுவும் இல்லை. மாலை ஐந்தரைக்குப் பின்னர் படிக்கட்டின் அடியில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகள்தாம் அடையாளம். அங்கே நடந்த 12 கிழமை வகுப்பை ஒரு நாளும் தவறாமல் முடித்திருக்கிறேன். அந்த வகுப்பு ஒரேயொரு விடயத்தைப் பற்றியது: கார்ட் நிலையில் எதிராளியைக் கட்டுப்படுத்துவதும் அங்கிருந்தே தாக்குவதும். அடுத்த தொகுதியில் சேர நினைப்பவர்கள் காசு கட்டுவதற்கு முன்னர் அறிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

ஒருவர் மல்லாந்து கிடக்க, அவருடைய இரண்டு கால்களுக்கும் இடையில் மற்றவர் முழந்தாளிட்டிருப்பதே கார்ட் நிலையின் அடிப்படைத் தோற்றம். கீழே கிடப்பவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். உண்மையில், கீழே கிடப்பவரின் கால்கள் எதிராளியின் இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களில் பூட்டப்பட்டிருந்தால், மேலே இருப்பவரால் விலகிப் போகவும் முடியாது, முன்னேறவும் முடியாது. இதைக் குளோஸ்ட் கார்ட் என்கிறார்கள். பூட்டைத் திறந்து பாதங்களை எதிராளியின் இடுப்பிலும் கைகளிலும் ஊன்றினால் அது ஓப்பன் கார்ட். அவருடைய ஒரு காலை மட்டும் நம் இரு கால்களுக்குள் சிக்கவைத்தால் ஹாஃப் கார்ட். சர்வதேசச் சம்மேளனத்தின் போட்டி விதிகளும் இந்த நிலைக்கு உரிய மதிப்பைக் கொடுக்கின்றன. மேலே இருப்பவர் கால்களின் தடையைத் தாண்டி வந்து எதிராளியை மூன்று வினாடிகள் நிலத்தோடு அழுத்தி வைத்திருந்தால் 3 புள்ளிகள். கீழே கிடப்பவர் அவரைப் புரட்டிவிட்டு மேலே வந்தால் 2 புள்ளிகள். கழுத்தையோ கையையோ பூட்டி, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக எதிராளியைக் கையால் தட்டவைத்துவிட்டால் புள்ளிக் கணக்குக்கே இடமில்லை, ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்னர் வேறொரு நகரத்தில் நான்கு மாதங்கள் பயின்றேன். முதல் நாளே கழுத்தைக் கால்களால் பூட்டும் ட்ரையாங்கிள், இரண்டாம் நாள் முழங்கையை நெம்பும் ஆர்ம்பார், மூன்றாம் நாள் தோளைக் கால்களால் திருகும் ஓமோபிளாட்டா என்று அங்கு பாடங்கள் ஓடின. நான்கு மாத முடிவில் இருபது தாக்குதல்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம்; நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அவற்றில் ஒன்றையேனும் செய்ய முடியவில்லை. கால்களைத் தூக்குவேன்; அவர் முதுகை நிமிர்த்தி என் முழங்கால்களை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் வந்து அமுக்கிவிடுவார். என் உடம்பு இலேசானது என்பதால்தான் இப்படி நடக்கிறது என்று நான் நம்பினேன். எனக்குச் சொல்லித்தந்தவரும் அதையே சொன்னார். அது தவறு என்பதைக் கல்லடியில்தான் அறிந்தேன். இந்த வகுப்பில் முதல் ஐந்து கிழமைகளுக்குத் தாக்குதல் எதுவுமே கற்பிக்கப்படுவதில்லை. இதன் ஆகப்பெரிய சிறப்பு அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

சொல்லித்தருபவர் அபுதாபியில் ஒன்பது வருடங்கள் வேலை செய்துவிட்டு வந்த களுவாஞ்சிகுடிப் பக்கத்து இளைஞர். அங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்கே ஜியு-ஜிட்சு சொல்லிக்கொடுக்கிறார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்கள் அங்கு போட்டிக்கு வருகிறார்கள். வேலை முடிந்த இரவுகளில் அங்கு பயின்று ஊதாப் பட்டி பெற்றிருக்கிறார். வெள்ளை, நீலம், ஊதா, மண்ணிறம், கறுப்பு என்ற வரிசையில் அது மூன்றாவது. தன்னால் எவருக்கும் பட்டி வழங்க முடியாது, அதற்குக் கறுப்புப் பட்டி பெற்ற ஒருவர் பார்த்துத் தர வேண்டும் என்பதைச் சேரும் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். பட்டியை எதிர்பார்த்து வருபவர்களை இது ஏமாற்றக்கூடும். ஆறு மாதத்தில் பட்டியும் சான்றிதழும் தருவதாக விளம்பரம் செய்பவர்களை விட இந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வயதில் மூத்தவர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் எங்களை அண்ணன் என்றும் இளையவர்களைத் தம்பி என்றும் அழைக்கிறார்.

முதல் இரண்டு கிழமைகளில் இடுப்பை நகர்த்துவது மட்டுமே பாடம். பக்கவாட்டில் திரும்பி, ஒரு பாதத்தை ஊன்றி, இடுப்பைப் பின்னோக்கித் தள்ளும் அசைவைப் பல நாடுகளிலும் இறாலின் பெயரால் அழைக்கிறார்கள். வாவிக் கரையில் வளர்ந்த எங்களுக்கு அதை விளக்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. வலையிலிருந்து கொட்டிய இறால் வாலை மடக்கிப் பின்பக்கமாகத் துள்ளுவதைப் பார்க்காதவர் எங்களில் எவரும் இல்லை. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அந்த அசைவில் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மாலையும் எட்டுத் தடவைகள். சலிப்பூட்டும் வேலைதான். இரண்டாம் கிழமையில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். ஆனால் இடுப்பு நகராதவர் கார்டில் இருந்து எதையும் செய்ய முடியாது என்பதைப் பின்னால் வந்த ஒவ்வொரு பாடமும் உறுதிப்படுத்தியது.

மூன்றாம் கிழமையிலிருந்து ஐந்தாம் கிழமைவரை எதிராளியின் நிமிர்வை உடைப்பது. இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குளோஸ்ட் கார்டுக்குள் இருப்பவர் முதுகை நிமிர்த்தி, தலையைத் தன் இடுப்புக்கு நேர்மேலே வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நம் வயிற்றுப் பக்கத்துத் துணியில் ஊன்றியிருக்கும் வரைக்கும் அவர் ஒரு தூணைப்போல இருப்பார். என் சோடியாக வந்தவர் நாவற்குடாவைச் சேர்ந்த மேசன். எடை 88 கிலோ, என்னுடையது 61 கிலோ. அவருடைய கழுத்துப் பட்டியைப் பிடித்து நான் இழுத்த இழுப்பில் என் தோள்கள் நிலத்தை விட்டு எழுந்தனவே தவிர, அவர் அசையவில்லை. மாஸ்டர் அருகில் குந்தி அமர்ந்து, "அண்ணன், கையால இழுக்காதீங்க. கை பிடிச்சபடி கிடக்கட்டும், முழங்காலால கொண்டு வாங்க" என்றார். கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு முழங்கால்களையும் என் நெஞ்சுப் பக்கமாக மடக்கினேன். அவருடைய இடுப்பு என் தொடைகளோடு சேர்ந்து முன்னுக்கு வந்தது. ஊன்றிய கைகள் வழுக்கின. அந்தப் பெரிய தலை என் தோளுக்கு அருகில் வந்து விழுந்தது. மனிதக் கையின் பலத்துக்கும் காலின் பலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு கணத்தில் என் உடம்பு புரிந்துகொண்டது. விழுந்த தலையை உடனே நெஞ்சோடு அணைத்து, ஒரு கையை அவருடைய அக்குள் வழியாகச் சுற்றிப் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு வினாடிகளில் அவர் மறுபடியும் நிமிர்ந்துவிடுவார். உடைப்பது பாதி வேலை, உடைத்ததை அப்படியே வைத்திருப்பது மறுபாதி என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். அந்த மறுபாதிக்கென்று ஒரு கிழமை முழுவதையும் ஒதுக்கியிருந்தார்.

பிடிகளுக்குக் கொடுத்த கவனமும் குறிப்பிடத்தக்கது. கழுத்துப் பட்டிக்குள் நான்கு விரல்களை ஆழமாகச் செலுத்தி, பெருவிரலை வெளியே வைத்துப் பிடிக்க வேண்டும். சட்டைக்கையின் வாயினுள் விரல்களை நுழைத்துப் பிடிப்பது போட்டிகளில் தடைசெய்யப்பட்டது, விரல் முறியும் ஆபத்தும் அதில் உண்டு; ஆகவே துணியை வெளியிலிருந்து மடித்து முறுக்கிப் பிடிக்கச் சொல்லித்தருகிறார். கண்ணகை அம்மன் கோயில்களில் கொம்புமுறி விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் நுட்பம் இலகுவாக விளங்கும். வடசேரியாரும் தென்சேரியாரும் எவ்வளவு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தாலும், இரண்டு கொம்புகளும் ஒன்றையொன்று எந்த இடத்தில் கொளுவி நிற்கின்றன என்பதில்தான் விடயம் இருக்கிறது. இங்கும் அப்படியே. முழங்கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் மணிக்கட்டைப் பிடித்தால், எவ்வளவு இழுத்தாலும் கை உருவிக்கொண்டு போய்விடுகிறது.

ஆறாம் கிழமையில் முதல் தாக்குதல் வந்தது. அதுவும் தனியாக வரவில்லை, மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலியாக வந்தது. எதிராளி பின்னோக்கிச் சாய்ந்து நிமிர முயன்றால், கால் பூட்டைத் திறந்துகொண்டு எழுந்து அமர்ந்து, நம் இடுப்பால் அவரை மோதிப் பின்பக்கமாகப் புரட்டுவது முதற்கண்ணி. அவர் விழாமல் இருக்க ஒரு கையை நிலத்தில் ஊன்றினால், அந்த மணிக்கட்டைப் பிடித்து, நம் மறுகையை அவருடைய மேற்கைக்கு மேலாகச் சுற்றி, நம் மணிக்கட்டையே பற்றிக்கொண்டு, கையை முதுகுப் பக்கமாகத் திருகும் கிமுரா இரண்டாவது. அவர் மோதலைத் தாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து முன்னுக்குத் தள்ளினால், கழுத்தைச் சுற்றிக் கையை இட்டு நெரிக்கும் கில்லட்டின் மூன்றாவது. எதிராளி எதைச் செய்தாலும் அதற்கொரு விடை காத்திருக்கிறது. பழைய வகுப்பில் கிமுராவைத் தனியாகக் கற்றபோது, நிலத்தில் ஊன்றிய கை எனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. இங்கே, அந்தக் கை நிலத்துக்கு வரவேண்டிய காரணத்தை நானே உருவாக்கக் கற்றுக்கொண்டேன். 1951 இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில், பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் முன்னோடிகளில் ஒருவரான ஹெலியோ கிரேசியின் கையை ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா இந்தப் பூட்டினால் முறித்ததும், தோற்ற நாட்டினரே அதற்கு வென்றவரின் பெயரைச் சூட்டியதும் வகுப்பில் ஒரு மாலை கதையாகச் சொல்லப்பட்டது. பிரேசிலுக்கு இந்தக் கலை வந்ததே 1914 இல் அங்கு போய்ச் சேர்ந்த மிட்சுயோ மயேடா என்ற இன்னொரு ஜூடோ வீரரால்தான். அவர் கற்பித்தவர்களில் ஒருவர் ஹெலியோவின் மூத்த சகோதரர் கார்லோஸ்.

ட்ரையாங்கிள் எட்டாம் கிழமையில் வந்தது. எதிராளியின் ஒரு கை நம் கால்களுக்கு உள்ளேயும் மறுகை வெளியேயும் இருக்க, ஒரு காலை அவருடைய பிடரிக்குக் குறுக்கே வைத்து, அந்தக் காலின் கணுக்காலை மற்றக் காலின் முழங்கால் மடிப்புக்குள் பூட்டுவதே இதன் வடிவம். கழுத்தின் ஒரு பக்கத்து நாடியை நம் தொடை அழுத்துகிறது. மறுபக்கத்து நாடியை அவருடைய சொந்தத் தோளே அழுத்துகிறது. மூச்சுக்குழாயை நெரிப்பது இதன் நோக்கமன்று, மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுவதால்தான் இது இவ்வளவு விரைவாக வேலை செய்கிறது. சரியாகப் பூட்டப்பட்டால் சில வினாடிகளில் மயக்கம் வந்துவிடும். நான் பழைய வகுப்பிலிருந்தே செய்துவந்த பிழை இரண்டு இடங்களில் இருந்தது. பாதத்தின் விரல்களுக்கு மேலே பூட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப் பூட்டினால் எதிராளி நிமிரும்போது பூட்டு கழன்றுவிடும், கணுக்காலும் சுளுக்கும். இரண்டாவது பிழை, எதிராளிக்கு நேர்முன்னே கிடந்தபடி இறுக்கியது. அவருடைய காதைப் பார்க்கும் வரைக்கும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்று மாஸ்டர் சொல்லி, என் கையை அவருடைய முழங்காலுக்குக் கீழே கொளுவவைத்து, உடம்பைத் திருப்பிவிட்டார். மேசன் தம்பியின் முகம் சிவந்தது. நான் இன்னும் இறுக்கவே தொடங்கவில்லை, அவர் என் தொடையில் இரண்டு முறை தட்டிவிட்டார்.

அன்றிரவு மாஸ்டர் எங்களுக்கு 1994 டிசம்பரில் UFC என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொன்னார். ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள, ஹெலியோவின் மகன் ரோய்ஸ் கிரேசி, 100 கிலோவைத் தாண்டிய மல்யுத்த வீரர் டான் செவர்னுக்குக் கீழே கிட்டத்தட்ட 16 நிமிடங்கள் கிடந்தார். இறுதியில் கார்டிலிருந்து ட்ரையாங்கிள் பூட்டி அவரைத் தட்டவைத்தார். அந்த இறுதி வினாடிகளைத்தான் பலரும் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். அதற்கு முன்னர் கழிந்த பதினைந்து நிமிடங்களில், கால்களால் தூரத்தைக் கட்டுப்படுத்தியபடி அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே படிக்க வேண்டிய பாடம். இந்த வகுப்பின் அமைப்பே அந்தப் பதினைந்து நிமிடங்களைச் சொல்லித்தருவதற்காக வகுக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இனி, குறைகள். சிறியவை அல்ல, திருத்த முடியாதவையும் அல்ல.

இடப் பற்றாக்குறை முதலாவது. ஒரு மீற்றர் சதுரமும் நான்கு சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட, ஒன்றோடொன்று பொருத்தும் பாய்கள் மொத்தம் 32 இருக்கின்றன. நான்கு சோடிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் பாதுகாப்பாக உருள முடியாது. வருபவர்களோ 18 பேர். தொண்ணூறு நிமிட வகுப்பில் இறுதிப் பதினைந்து நிமிடங்களே எதிர்ப்போடு கூடிய பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து நிமிடச் சுற்று மூன்று. கணக்குப் பார்த்தால் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு சுற்று, சில நாட்களில் இரண்டு. ஒத்துழைக்கும் சோடியிடம் ஆயிரம் தடவை செய்த அசைவு, எதிர்க்கும் ஒருவரிடம் ஒரு தடவையாவது சோதிக்கப்படாவிட்டால் கையில் நிற்காது. பாய்களின் பொருத்துகளும் மூன்று இடங்களில் தளர்ந்திருக்கின்றன; கால்விரல் இடைவெளியில் சிக்கி ஒரு மாணவருக்கு நகம் பெயர்ந்தது. இன்னும் பதினாறு பாய்கள் வாங்குவது, அல்லது வகுப்பை இரண்டாகப் பிரிப்பது என்ற இரண்டில் ஒன்றை அடுத்த தொகுதிக்கு முன்னர் செய்தே ஆக வேண்டும். இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

இறுதி மூன்று கிழமைகளின் பாடத்திட்டமும் எனக்கு உடன்பாடானதல்ல. அதுவரை நிதானமாகப் போன வகுப்பு, பத்தாம் கிழமையிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. ஸ்பைடர் கார்ட், டி லா ரிவா கார்ட், எக்ஸ் கார்ட் என்று ஒரு மாலைக்கு ஒன்று. எதிராளியின் காலை வெளிப்புறமாகச் சுற்றிக் கொளுவும் டி லா ரிவாவுக்கு, இடுப்பும் முழங்காலும் பழகவே பல மாதங்கள் தேவைப்படும். வெள்ளைப் பட்டியினருக்கு ஒரு மாலையில் அதைக் காட்டுவதால் பெயர் தெரியுமே தவிர, வேலை தெரியாது. அதே நேரத்தில், என்னைப் போன்ற இலேசானவர்களுக்கு ஆகப் பயன்படக்கூடிய பட்டர்ஃபிளை கார்டுக்கும் ஒரேயொரு மாலைதான் கிடைத்தது. அமர்ந்தபடி இரண்டு பாதங்களையும் எதிராளியின் தொடைகளுக்குள் கொளுவி, அக்குளுக்கடியில் கையை இட்டு, அவரைத் தூக்கிப் புரட்டும் முறை அது. பிரேசில் வீரர் மார்செலோ கார்சியா 77 கிலோப் பிரிவில் அபுதாபிக் கிண்ணத்தை 2003, 2005, 2007, 2011 ஆகிய நான்கு தடவைகள் வென்றபோது, அவருடைய ஆட்டத்தின் நடுவே இருந்தது இதுதான். அந்தப் போட்டியில் ஜியு-ஜிட்சுவின் தடித்த உடையான கிமோனோவை அணிவதில்லை. கழுத்துப் பட்டியோ சட்டைக்கையோ இல்லாத ஒருவரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதற்கு இந்த வகுப்பு மொத்தமாக இரண்டு மாலைகளே ஒதுக்கியிருந்தது. தற்காப்புக்காக வருபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளட்டும். தெருவில் எதிர்ப்படும் ஒருவர் சாரமும் ரீ-சேட்டும் அணிந்திருப்பாரே தவிர, தடித்த கிமோனோ அணிந்திருக்கமாட்டார். அவர் முகத்தில் குத்தவும் முற்படுவார். குத்தைத் தடுக்கும் தூரக் கட்டுப்பாடு இங்கு பாடமாக இல்லை.

எனக்கு நேர்ந்த ஒரு காயத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் கிழமையில் ஆர்ம்பார் பயிற்சியின்போது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் நான் தட்டிய பின்னரும் ஒரு வினாடி அளவு இடுப்பை உயர்த்திக்கொண்டிருந்தார். ஆர்ம்பாரில் முழங்கை மூட்டு அவருடைய இடுப்பெலும்புக்கு மேலே நெம்பப்படுகிறது. அந்த ஒரு வினாடி போதும். மூன்று கிழமைகளுக்குத் தண்ணீர் வாளி தூக்க முடியவில்லை. மாஸ்டர் அந்த நிமிடமே வகுப்பை நிறுத்தி, எல்லோரையும் வட்டமாக இருத்தி, தட்டுவது என்றால் என்ன, தட்டியதை உணர்ந்ததும் முதலில் எதைத் தளர்த்த வேண்டும் என்பதை அரை மணி நேரம் செய்து காட்டினார். வாயால் சொல்லியும் நிறுத்தலாம், காலால் நிலத்தில் தட்டியும் நிறுத்தலாம் என்பதை அன்றுதான் பலர் அறிந்தார்கள். அந்தப் பாடம் சிறப்பாக இருந்தது. ஆனால் அது முதல் நாள் நடந்திருக்க வேண்டிய பாடம். நடுவில் சேருபவர்களுக்கு எந்த அறிமுகமும் இல்லாமல் நேரடியாகப் பூட்டுகளைக் கொடுப்பது ஆபத்தானது. இந்த ஒரு விடயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் இருக்கக் கூடாது.

பெண்களுக்கு சனிக்கிழமை காலையில் தனி வகுப்பு ஒன்று உண்டு. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் என்பதால் பாடங்கள் மிக மெதுவாகவே நகர்கின்றன என்று அங்கு போகும் என் மருமகள் சொல்கிறாள். தன்னை விடப் பாரமான ஒருவரைக் கீழேயிருந்து கட்டுப்படுத்தும் கலை அவர்களுக்கே அதிகம் உதவும் என்பதால், இன்னொரு நாளைச் சேர்ப்பது அவசியம்.

கட்டணம் மாதம் 4,000 ரூபாய். மூன்று மாதத்துக்கும் ஒரேயடியாகக் கட்டினால் 11,000. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் வகுப்பு. நேரத்துக்குத் தொடங்குகிறார், நேரத்துக்கு முடிக்கிறார். ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் வருபவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதாக நான் கேள்விப்படவில்லை. உடையைப் பொறுத்தவரை, வீட்டில் கிடக்கும் கராத்தே உடையோடு வரவேண்டாம். நான் அப்படித்தான் போனேன். மூன்றாம் நாளே அக்குள் தையல் கிழிந்தது. ஜியு-ஜிட்சு கிமோனோ பிடித்து இழுப்பதற்கென்றே தடித்து நெய்யப்பட்டது. கொழும்பில் ஒருவர் மூலம் பாகிஸ்தானில் தைத்த ஒன்றை வரவழைத்தேன். கழுத்துப் பட்டி முதலில் கயிறுபோல விறைப்பாக இருந்தது, ஆறேழு தடவை துவைத்த பின்னர் இணங்கியது.

சுத்தம் குறித்து இந்தக் கூடத்தில் காட்டப்படும் கண்டிப்பு பாராட்டுக்குரியது. வகுப்பு முடிந்ததும் இருவர் முறைவைத்துப் பாய்களைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் வாசலிலேயே வெட்டிக் கொடுக்கிறார்கள். தோலில் படர்தாமரை கண்டவர்கள் அது முழுதாக மாறும் வரை பாயில் ஏற முடியாது. ஒருவர் மறைத்துக்கொண்டு வந்தபோது மாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்து, அந்த மாதக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். நம் வெக்கையிலும் வியர்வையிலும் ஒருவருக்கு வந்தால் பதினெட்டுப் பேருக்கும் வந்துவிடும் நோய் அது.

அடுத்த தொகுதி மாரி மழைக்கு நடுவே தொடங்குகிறது. தகரக் கூரையில் மழை இறங்கும்போது மாஸ்டர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது, ஆகவே முன்னால் இடம் பிடியுங்கள். ஒரு கிமோனோ மட்டும் வைத்திருந்தால் திங்கள் துவைத்தது புதனுக்குக் காயாது. இரண்டாவது ஒன்றை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. நான் மூன்று மாதக் காசையும் கட்டிவிட்டேன், பட்டர்ஃபிளை கார்டுக்கு இம்முறை குறைந்தது மூன்று மாலைகள் தருவதாக மாஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.